கொள்ளைக்கூட்டம் பேசி ஒப்புக்கொண்டால் சரியாகிவிடுமா? (உரையாடல் அறவியல்)

கேள்வி: ஜூன் 4

முதுகலையில் அறவியல் எடுத்திருக்கிறேன். ஜெர்மன் தத்துவவாதி ஹேபர்மாஸ் வரைக்கும் வந்தாயிற்று. உரையாடல் அறவியல் என்று இவ்வளவு பெரிதாகச் சொல்கிறார்களே, கடைசியில் அது சொல்வது "எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள், ஒத்துப்போனால் அது சரி" என்பதுதானே? ஒரு கொள்ளைக்கூட்டம் யாரையும் மிரட்டாமல், பங்கை எப்படிப் பிரிப்பது என்று அழகாகப் பேசி ஒப்புக்கொள்கிறது. சரியாகிவிட்டதா? அரிஸ்டாட்டில், காண்ட், மில் வரிசையில் இதற்குத் தனி அத்தியாயம் எதற்கு? என் கணக்கில் இது ஓட்டெடுப்புக்குப் போட்ட தத்துவச் சட்டை.

ஜூன் 4, இரவு

கொள்ளை கொடுத்தவர் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தாரா? இல்லையென்றால் உதாரணம் அங்கேயே விழுந்துவிட்டது. "கூடியிருக்கிற எல்லோரும்" என்று ஹேபர்மாஸ் சொல்லவில்லை. "பாதிக்கப்படக்கூடிய எல்லோரும்" என்கிறார். இந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற தூரம்தான் மொத்தக் கோட்பாடும்.

1983-இல் வந்த கட்டுரையில் இரண்டு கொள்கைகளை வைக்கிறார். 'டி' கொள்கை: பாதிக்கப்படக்கூடிய அனைவரும் ஒரு உரையாடலில் பங்கேற்பவர்களாக இருந்து ஒப்புக்கொள்கிற, அல்லது ஒப்புக்கொள்ளக்கூடிய நெறிகள் மட்டுமே செல்லும். 'யு' கொள்கை இன்னும் கறாரானது. ஒரு நெறியை எல்லோரும் கடைப்பிடித்தால் ஒவ்வொருவரின் நலனுக்கும் என்ன விளையும், என்னென்ன பக்கவிளைவு வரும் என்று தெரிந்த பிறகும், வற்புறுத்தல் இல்லாமல் எல்லோராலும் அதை ஏற்க முடிய வேண்டும்.

இது ஓட்டெடுப்பு இல்லை. ஓட்டில் 51 பேர் சேர்ந்தால் 49 பேரின் வாயை அடைத்துவிடலாம். இங்கே ஒரே ஒருவர் தக்க காரணத்தோடு "முடியாது" என்றால் நெறி நின்றுபோகும்.

ஜூன் 5, காலை

காண்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, ஏனென்றால் ஹேபர்மாஸ் தன்னைக் காண்டின் வாரிசாகத்தான் வைத்துக்கொள்கிறார்.

காண்டின் சோதனையை நான் தனியாகச் செய்துவிடலாம். என் செயலுக்குப் பின்னால் இருக்கிற விதி எல்லோருக்குமான சட்டமாக வேண்டும் என்று நான் விரும்ப முடியுமா? அறைக்குள் உட்கார்ந்து யோசித்து, முடியும் என்றால் எழுந்து போய்விடலாம். சிக்கல் என்னவென்றால், என் தலைக்குள் குடியிருக்கிற மற்றவர்கள் ரொம்ப நல்லவர்கள். நான் சொல்வதை இதுவரை மறுத்ததே இல்லை.

தாமஸ் மெக்கார்த்தி என்ற அமெரிக்க உரையாசிரியர் இந்த மாற்றத்தைச் சுருக்கமாகச் சொன்னார், ஹேபர்மாஸும் அதை எடுத்தாள்கிறார்: எனக்குச் சரியென்று படுகிற விதியை மற்றவர்கள் மேல் ஏற்றுவதற்குப் பதிலாக, சோதித்துப் பார்க்கச் சொல்லி அதை மற்றவர்கள் முன்னால் வைக்க வேண்டும். அவர்கள் சோதிப்பார்கள். நான் கற்பனை செய்யாத காரணத்தால் அது தோற்கவும் தோற்கும்.

அமெரிக்கத் தத்துவவாதி ரால்ஸும் இதே வீட்டுக்காரர்தான், வேறு வாசல் வழியாக வந்தவர். நியாயமான சமூக விதிகளைத் தேர்ந்தெடுப்பதற்காக 1971-இல் அவர் வைத்த கற்பனையான அறியாமைத் திரைக்குப் பின்னால் போனால் நான் பணக்காரனா ஏழையா, ஆணா பெண்ணா, எதுவும் எனக்குத் தெரியாது. அப்படி எல்லோரிடமிருந்தும் எல்லா வேறுபாட்டையும் உருவிய பிறகு மிஞ்சுவது ஒரே ஆள். அவர் ஒருவர் யோசித்தால் போதும், பேச்சுக்கு வேலையில்லை. ஹேபர்மாஸின் குறை இதுதான். இருவரும் 1995-இல் ஒரு தத்துவ இதழில் நேருக்கு நேர் மோதினார்கள். "உங்களுடையது எல்லாவற்றையும் விளக்க வருகிற முழுத் தத்துவம், என்னுடையது அரசியலோடு நின்றுகொள்வது" என்பது ரால்ஸ் தந்த பதிலின் சாரம். மரியாதையான மோதல். ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொண்டே குழி பறிப்பார்கள்.

ஜூன் 5, மதியம்

"தனி அத்தியாயம் ஏன்" என்ற பகுதிக்குப் பதில் சொல்லாமல் விட்டிருந்தேன்.

இருபதாம் நூற்றாண்டு அறவியலில் ஒரு பக்கம் "கொலை தவறு என்பது முகம் சுளிப்பதற்குச் சமம், அதில் உண்மையும் இல்லை பொய்யும் இல்லை" என்ற கட்சி. பிரிட்டிஷ் தத்துவவாதி ஏயர் 1936-இல் இதை வெளிப்படையாகவே சொன்னார். இன்னொரு பக்கம், அறம் என்பது மலை மாதிரி வெளியே நிற்கிறது, பார்க்கத் தெரிந்தவனுக்குத் தெரியும் என்ற கட்சி. ஹேபர்மாஸ் இரண்டிலும் சேரவில்லை. அறக்கூற்றுகளைச் சரி, தவறு என்று வாதிட முடியும். ஆனால் அவை எந்தப் பொருளையும் படம்பிடிப்பவை அல்ல. அவற்றின் சரித்தன்மை, காரணங்களால் தாங்கி நிற்க முடிவதில் இருக்கிறது என்கிறார்.

மெக்கின்டயர் என்ற தத்துவவாதி 1981-இல், நம் அறப்பேச்சு உடைந்த துண்டுகளின் குவியல், அதனால்தான் எந்த அறவிவாதமும் முடிவதில்லை என்று எழுதினார். ஹேபர்மாஸின் 'தொடர்பாடல் செயல் கோட்பாடு' நூலின் இரண்டு தொகுதிகளும் அதே 1981-இல் வந்தன. ஒருவர் பேச்சு முடிவதில்லை என்பதைப் பார்த்துப் பழைய மரபுக்குத் திரும்பினார். மற்றவர் முடியாவிட்டாலும் பேச்சுக்குள்ளேயே ஒரு அளவுகோல் இருக்கிறது என்றார். எனக்கு இரண்டாமவர் பக்கம் சாய்வு உண்டு. சாய்வுதான், பக்தி இல்லை.

ஜூன் 7

"வாதமே ஒரு ஆதிக்கம், மௌனமே பதில்" என்று எழுதிய நண்பர் அதை நிறுவ நான்கு பத்தி எடுத்துக்கொண்டார். ஹேபர்மாஸோடு சேர்ந்து இந்தக் கோட்பாட்டைச் செய்த கார்ல்-ஓட்டோ ஆபெல் இதைப் பார்த்திருந்தால் மகிழ்ச்சியில் எழுந்து நின்றிருப்பார்.

ஆபெலின் கத்தி இதுதான்: வாதத்தின் விதிகளை மறுத்து வாதிடுகிறவர், மறுக்கும் செயலிலேயே அவற்றை ஏற்றுவிடுகிறார். நான் சொல்வது சரி, அதற்குக் காரணம் இருக்கிறது, நீ கேட்டுப்பார், மிரட்டவில்லை. இவ்வளவையும் எடுத்துக்கொண்டுதான் "வாதம் செல்லாது" என்று சொல்ல முடியும். சொல்கிற செயலும் சொன்ன சேதியும் மோதிக்கொள்கின்றன. இதற்குத்தான் செயல்முரண் என்று பெயர்.

இந்தக் கத்தி எதற்காகத் தீட்டப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஹான்ஸ் ஆல்பர்ட் என்ற ஜெர்மன் தத்துவவாதி 1968-இல் ஒரு மும்முனைப் பொறி வைத்தார். எதற்கும் இறுதி அடிப்படை தேடினால் மூன்றில் ஒன்றில் விழுவீர்கள்: முடிவில்லாமல் பின்னோக்கிப் போவது, வட்டமடிப்பது, சலித்துப்போய் எங்கேயாவது நிறுத்திக்கொள்வது. தன் தலைமுடியைத் தானே பிடித்து இழுத்துச் சதுப்பிலிருந்து வெளியே வந்ததாகக் கதைவிட்ட முன்ஷாவ்சன் பிரபுவின் பெயரை அதற்கு வைத்தார். ஆபெலின் பதில்: நான் எதிலிருந்தும் எதையும் வருவிக்கவில்லை, நீ பொறி வைத்து வாதிடும்போதே எதன் மேல் நிற்கிறாய் என்று காட்டுகிறேன், அவ்வளவுதான். இது இறுதி அடிப்படை என்று ஆபெல் கடைசிவரை சொன்னார். "இறுதி" என்ற சொல் வேண்டாம் என்று ஹேபர்மாஸ் விலகிக்கொண்டார்.

ஜூன் 7, நள்ளிரவு தாண்டி

தூக்கம் வரவில்லை. மேலே எழுதியது ஆபெலுக்கு ரொம்பச் சாதகமாக இருக்கிறது.

வாதிடும்போது உன்னைச் சமமாக நடத்த நான் கட்டுப்பட்டவன், சரி. வாதம் முடிந்து எழுந்து வெளியே போன பிறகும் கட்டுப்பட்டவனா? அல்பிரெக்ட் வெல்மர் என்ற ஜெர்மன் தத்துவவாதி 1986-இல் இந்த இடத்தில்தான் கை வைத்தார். பொருத்தமான எந்த வாதத்தையும் அடக்கக் கூடாது என்பது அறிவின் கடமை. உன்னை அறையக் கூடாது என்பது அறத்தின் கடமை. முதலாவதிலிருந்து இரண்டாவது தானாக வந்துவிடாது. அருமையாக வாதிடுகிற, எதிராளியின் ஒவ்வொரு சொல்லையும் கேட்கிற, வெளியே போய் அயோக்கியத்தனம் செய்கிற ஆளை நீங்கள் பார்த்ததில்லையா? நான் பார்த்திருக்கிறேன். அவரிடம் செயல்முரண் எதுவும் இல்லை, வெறும் முரடுதான்.

அப்புறம், வாதத்துக்குள்ளேயே வர மறுத்து, வாயே திறக்காதவரை என்ன செய்வது? அவர் பேச்சால் வாழும் உலகத்திலிருந்தே வெளியேற வேண்டியிருக்கும், அது தற்கொலைக்கு ஒப்பு என்கிற மாதிரி ஹேபர்மாஸ் ஒரு பதில் வைத்திருக்கிறார். உண்மையாக இருக்கலாம். ஆனால் அது நிரூபணம் இல்லை, எச்சரிக்கை.

ஜூன் 8

"இலட்சியப் பேச்சுச் சூழல் எங்கேயும் இல்லை, ஆகவே கோட்பாடு பயனற்றது." இது மூன்று பேரிடமிருந்து வந்துவிட்டது. யாரும் யாரையும் அடக்காமல், காரணம் மட்டுமே வெல்கிற பேச்சுக்கு ஹேபர்மாஸ் வைத்த பெயர் அது.

கொத்தனார் தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிடுகிறார். துல்லியமான செங்குத்தில் நிற்கும் சுவர் உலகத்தில் ஒன்றுகூட இல்லை. அதற்காகக் குண்டைத் தூக்கி எறிகிறாரா? தவிர, அந்தச் சொற்றொடரை எங்கோ போய்ச் சேர வேண்டிய ஊர் மாதிரி எல்லோரும் எடுத்துக்கொண்டதால், பின்னாளில் ஹேபர்மாஸே அதைவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

ஜூன் 10

விலகல். இந்தக் கோட்பாட்டைச் செய்த இருவரின் வயதைப் பாருங்கள். ஆபெல் 1922-இல் பிறந்தவர், போருக்குத் தன்னார்வலராகப் போன மாணவர்களில் ஒருவர். ஹேபர்மாஸ் 1929. போர் முடியும்போது பதினைந்து வயது. அதுவரை சாதாரண வாழ்க்கை என்று நினைத்திருந்தது என்னவென்று வானொலியில் நியூரம்பர்க் விசாரணையைக் கேட்டுத் தெரிந்துகொண்ட தலைமுறை. ஒரு சமூகம் மொத்தமாக ஒத்துப்போனதைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். அப்படிப்பட்டவர்களா "ஒத்துப்போனால் சரி" என்று எழுதுவார்கள்? கேள்வி கேட்டவர் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இன்னொன்று. ஹேபர்மாஸ் பிளவுபட்ட அண்ணத்தோடு பிறந்தவர். 2004-இல் கியோட்டோ விருது வாங்கியபோது அவரே பேசினார்: குழந்தையாக அறுவை சிகிச்சைகள், பள்ளியில் தன் மூக்கொலிப் பேச்சு மற்றவர்களுக்குப் புரியாமல் போனது, கேலி. பேச்சைவிட எழுத்தை அவர் அதிகம் நம்பியதற்கும் இது ஒரு காரணம் என்கிறார். வாழ்க்கையைக் காட்டிக் கோட்பாட்டை நிரூபிக்க முடியாது, தெரியும். என்னைக் குடைவது வேறு. பேசியும் கேட்கப்படாமல் போவது என்றால் என்ன என்று உடம்பிலேயே தெரிந்த மனிதர், ஏன் கோட்பாட்டில் பேசும் உரிமைக்கு இவ்வளவு இடம் கொடுத்து, கேட்கப்படுவதற்கு இவ்வளவு கொஞ்சமாக இடம் விட்டார்?

ஜூன் 11

இப்போது என் தரப்பு. பல வருடம் ஒரு நிறுவனத்தில் கூட்டக் குறிப்பு எழுதுகிற வேலை பார்த்தேன். நான் அதிகம் எழுதிய வாக்கியம் "ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்பதாகத்தான் இருக்கும். விரல் தானாகத் தட்டும்.

மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பவனை யாரும் கவனிப்பதில்லை, அதனால் அவனுக்கு எல்லோரும் தெரிவார்கள். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கை தூக்குவார். ஒருவருக்குப் பதவி உயர்வுக் கோப்பு தலைவர் மேசையில் இருக்கும். ஒருவர் போன கூட்டத்திலேயே சொல்லிப் பார்த்து அலுத்தவர். ஒருவருக்கு விஷயம் புரியவில்லை, கேட்கக் கூச்சம். உண்மையான வாதங்கள் எல்லாம் கூட்டம் முடிந்து படிக்கட்டில் இறங்கும்போது வரும். என்ன தெளிவு, என்ன கூர்மை! படிக்கட்டுக்குக் குறிப்பு எழுதும் வழக்கம் கிடையாது.

ஒரு தடவை துப்புரவுப் பணி தொடங்கும் நேரத்தை விடியற்காலை ஐந்துக்கு மாற்றினார்கள். அலுவலகம் திறக்கும்போது தரை காய்ந்திருக்க வேண்டும் என்பது காரணம். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் பத்து மணிக்கு வருகிறவர்கள். ஐந்து நிமிடத்தில் முடிந்தது. ஒருமனதாக. பொய்யும் இல்லை, அறையில் இருந்த அத்தனை கையும் மேலே போனது. அந்த நேரத்தில் வண்டி கிடைக்குமா, இருட்டில் நடந்து வர வேண்டுமா, வீட்டில் குழந்தையை யார் எழுப்புவது என்று கேட்கக்கூடிய ஒருவரும் அங்கே இல்லை.

ஹேபர்மாஸைப் பிறகு படித்தபோது எனக்கு ஒட்டிக்கொண்டது இந்த இடம்தான். சட்டத் தத்துவவாதி ராபர்ட் அலெக்ஸி 1978-இல் தொகுத்த வாத விதிகளை அவர் எடுத்துப் போடுகிறார். பேசவும் செயல்படவும் முடிகிற எவரும் பங்கேற்கலாம். எவரும் எந்தக் கூற்றையும் கேள்வி கேட்கலாம், எந்தக் கூற்றையும் முன்வைக்கலாம், தன் விருப்பத்தையும் தேவையையும் சொல்லலாம். உள்ளேயிருந்தோ வெளியேயிருந்தோ வரும் வற்புறுத்தலால் இந்த உரிமைகளை யாரும் தடுக்கக் கூடாது. இதை வைத்து ஐந்து மணியா ஆறு மணியா என்று என்னால் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் "நீங்கள் இதற்கு ஒப்புதல் என்று பெயர் வைக்க முடியாது" என்று சொல்ல முடியும். தீர்ப்பு எழுத உதவாத, குற்றப்பத்திரிகை எழுத உதவுகிற கோட்பாடு. என் முழுக் கட்சியும் இதுதான்.

ஜூன் 11, இரவு

மேலே எழுதியதும் 1983 கட்டுரையின் ஆரம்பத்தைத் திரும்பப் போய்ப் பார்த்தேன். சிறு முன்னுரைக்குப் பிறகு அவர் வாதம் தொடங்குவது காண்டில் இல்லை, ஸ்ட்ராசனில்! பிரிட்டிஷ் தத்துவவாதி பி.எஃப். ஸ்ட்ராசன் 1962-இல் மனக்கசப்பைப் பற்றி எழுதியது. ஒருவன் என் கையை மிதிக்கிறான். தெரியாமல் மிதித்தால் வலி மட்டும். வேண்டுமென்றே மிதித்தால் வலியோடு ஒரு கசப்பு. "என்னிடம் இப்படி நடந்துகொள்ள உனக்கு உரிமையில்லை" என்ற கசப்பு. அதற்குள் எனக்கும் அவனுக்கும் பொதுவான ஒரு நெறி ஏற்கெனவே இருக்கிறது. இல்லையென்றால் கசப்புக்கு அர்த்தமே இல்லை.

ஆக, இந்தக் கோட்பாடு புகாரிலிருந்துதான் புறப்படுகிறது. பாடநூல்கள் இதை விட்டுவிட்டு நேராக 'யு' கொள்கைக்கு ஓடுகின்றன.

ஜூன் 14

சட்டம் படித்தவர் கேட்கிறார்: "அந்தத் துப்புரவுப் பணியாளரை அழைத்து நாற்காலி போட்டிருந்தால் பேசியிருப்பாரா?"

பேசியிருக்க மாட்டார். பெரும்பாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டியிருப்பார். நான்சி ஃபிரேசர் என்ற அமெரிக்கத் தத்துவவாதி 1990-இல் சொன்னது இதுதான்: அந்தஸ்து வித்தியாசத்தைச் சற்று ஒதுக்கிவைத்துப் பேசுவோம் என்றால், அது ஒதுங்காது, மேசையின் மேலேயே உட்கார்ந்திருக்கும். இன்னொரு அமெரிக்கத் தத்துவவாதி ஐரிஸ் மரியன் யங் இன்னும் ஒரு படி போனார். நிதானமாக, உணர்ச்சி காட்டாமல், முதலில், இரண்டாவதாக என்று அடுக்கிப் பேசுவதை மட்டும் வாதம் என்று வைத்துக்கொண்டால், அப்படிப் பேசப் பயின்றவர்கள் பேசாமலே ஜெயிப்பார்கள். வணக்கம் சொல்வதையும், உணர்ச்சியோடு பேசுவதையும், தன் கதையைச் சொல்வதையும் உரையாடலுக்குள் சேர்க்கச் சொன்னார்.

விருப்பத்தையும் தேவையையும் சொல்லலாம் என்று அலெக்ஸியின் விதியில் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. சொல்லலாம் என்பது அனுமதி. "காலையில் பயமாக இருக்கும்" என்று ஒருவர் சொன்னால் அதைக் காரணமாக எண்ண மேசையில் யாருக்குத் தெரியும்? எனக்கு இதில் பாதிச் சமாதானம்தான்.

ஜூன் 15

வாயே இல்லாதவர்கள்: விலங்கு, பச்சைக் குழந்தை, நினைவு தப்பியவர், இன்னும் பிறக்காதவர்.

அவர்களுக்காக யாராவது பேசலாம் என்பது வழக்கமான பதில். யார் நியமித்தார்கள்? தவறாகப் பேசினால் "அது நான் சொன்னதில்லை" என்று சொல்ல எதிரில் ஆள் வேண்டுமே. விலங்குகளோடு நாம் பழகுகிறோம், அதனால் அறக்கடமையை ஒத்த ஒரு பொறுப்பு நமக்கு உண்டு என்று ஹேபர்மாஸ் 1991-இல் ஒரு வழி பார்க்கிறார். பழகாத காட்டு விலங்கு என்ன பாவம் செய்தது? பயன்வாதியான பீட்டர் சிங்கர் 1975-இல் "அதற்கு வலிக்குமா?" என்று ஒற்றைக் கேள்வி கேட்டு இதைத் தாண்டிப் போய்விட்டார். மொத்த நன்மை கூடினால் சரி என்கிற பயன்வாதத்தோடு எனக்கு நூறு சண்டை உண்டு, இந்த இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொள்வேன்.

பிறக்காதவர்கள் இன்னும் கஷ்டம். 'யு' கொள்கையில் பக்கவிளைவு என்று எழுதியிருக்கிறது, அதை அனுபவிக்கப்போகிறவர் வருவதற்குள் கூட்டம் கலைந்திருக்கும்.

ஜூன் 19

இழை எங்கோ போய்விட்டது, நானும் கூடப் போகிறேன்.

"அம்மாவைப் பார்த்துக்கொள்வதா, வேலைக்குத் தூரதேசம் போவதா? ஹேபர்மாஸ் என்ன சொல்வார்?" என்று ஒருவர் கேட்கிறார். ஒன்றும் சொல்ல மாட்டார். பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர் 1945 சொற்பொழிவில் கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு மாணவரைப் பற்றிச் சொன்னார்: தாயோடு இருப்பதா, போராடப் போவதா? அவரும் "நீ சுதந்திரமானவன், தேர்ந்தெடு" என்று கையை விரித்தார். ஹேபர்மாஸ் கையை விரிப்பதற்குக் காரணம் வேறு. நான் யார், எப்படி வாழ விரும்புகிறேன் என்பவை ஒரு வகைக் கேள்வி. எல்லோருக்கும் சமமாக எது நல்லது என்பது இன்னொரு வகை. இரண்டாவதுக்குத்தான் உரையாடல் அறவியல்.

இந்த இரண்டு வகைக்கும் நடுவில் அவர் எழுப்பிய சுவர் ஒழுகுகிறது என்று முதலில் காட்டியவர்கள் பெண்கள். உளவியலாளர் கோல்பர்க்கின் ஆறு படி அறவளர்ச்சியை ஹேபர்மாஸ் தன் கோட்பாட்டுக்குத் துணையாக எடுத்துக்கொண்டார். அந்தப் படிகளுக்கு ஆதாரமான ஆரம்ப ஆய்வில் இருந்தவர்கள் எல்லோரும் பையன்கள். 1982-இல் உளவியலாளர் கில்லிகன், உறவையும் பராமரிப்பையும் முன்வைத்து யோசிப்பது கீழ்ப்படி இல்லை, வேறு குரல் என்றார். செய்லா பென்ஹபீப் ஹேபர்மாஸின் வீட்டுக்குள்ளிருந்தே இதைப் பேசினார்: "எல்லோரையும் போன்ற ஒருவர்" என்று மட்டும் எதிராளியைப் பார்த்தால் போதாது, பெயரும் கதையும் உள்ள இந்த ஒருவராகவும் பார்க்க வேண்டும்.

ஒழுகும் இடத்துக்கு உதாரணம் கருக்கலைப்பு. அது எப்படி வாழ்வது என்ற கேள்வியா, எல்லோருக்குமான நெறியா? எந்தப் பெட்டியில் போடுவது என்பதே சண்டை. அயர்லாந்தில் 2016-இல் குலுக்கல் முறையில் தேர்ந்த 99 குடிமக்களையும் ஒரு தலைவரையும் உட்காரவைத்து, வார இறுதிகளில் இதைப் பேசவிட்டார்கள். நிபுணர்கள் வந்தார்கள், நேரில் அனுபவித்த பெண்களின் குரலும் கேட்கப்பட்டது. 2018 மே மாத வாக்கெடுப்பில் அரசியல் சட்டத்தின் தடையை நீக்க 66.4 சதவீதம் ஆதரவு. இதை உரையாடல் அறவியலின் வெற்றி என்று கொண்டாடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். ஒருமித்த கருத்து வரவில்லை, கடைசியில் ஓட்டுத்தான் போட்டார்கள். மூன்றில் ஒருவர் "இல்லை" என்றார். நடந்தது என்னவென்றால், முன்பு கிசுகிசுப்பாக மட்டும் இருந்த கதைகள் காரணங்களாக எண்ணப்பட்டன. எனக்கு அதுவே பெரிய விஷயம், ஆனால் அது 'யு' கொள்கை இல்லை.

ஜூன் 20

ஒருவர் இந்த இழையில் யாரும் யாரையும் ஒப்புக்கொள்ளவைக்கவில்லை என்று வருத்தப்படுகிறார். ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது என்று போட்டுவிடட்டுமா?

ஜூன் 22

2023 அறிக்கையைப் பற்றி யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன்.

அந்த நவம்பரில் காசா போர் நடந்துகொண்டிருக்கும்போது, ஹேபர்மாஸ் வேறு மூவரோடு சேர்ந்து ஒரு அறிக்கை வெளியிட்டார். ஹமாஸ் தாக்குதலுக்கு இஸ்ரேல் பதிலடி கொடுப்பது கொள்கையளவில் நியாயமே என்றும், ஜெர்மனியில் யூத வாழ்வைக் காப்பது கடமை என்றும், இனப்படுகொலை நோக்கத்தைச் சுமத்துவது அளவுகோல் வழுவிய செயல் என்றும் அதில் இருந்தது. பல கல்வியாளர்கள் எதிர்த்து எழுதினார்கள். மனித மாண்பு பற்றிய அக்கறை பாலஸ்தீனக் குடிமக்கள் வரை போதுமான அளவுக்கு நீளவில்லை என்பது அவர்களின் குறை.

"ஆகவே கோட்பாடு பொய்" என்கிறார் இங்கே ஒரு நண்பர். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. எதிர்த்தவர்கள் எந்த அளவுகோலை எடுத்தார்கள்? பாதிக்கப்படுகிறவர்கள் எல்லோரும் கணக்கில் வந்தார்களா, எதைப் பேசலாம் என்பதை யார் முடிவு செய்வது? இரண்டும் அவர் பட்டறையில் செய்த அளவுகோல். அதை அவர் மேலேயே வைத்து அளந்தார்கள்.

இதற்கு முன்னோடி உண்டு. அர்ஜென்டினாவில் பிறந்து மெக்சிகோவில் வாழ்ந்த என்ரிகே துசெல் என்ற தத்துவவாதி 1989 முதல் ஆபெலோடு வருடக்கணக்கில் விவாதித்தார். அவர் கேட்டது எளிமையானது: உங்கள் உரையாடல் சமூகத்துக்கு வெளியே நிற்பவன் "நான் இங்கே இருக்கிறேன், நீ என்னைப் பார்க்கவில்லை" என்று குறுக்கே வந்து சொல்வது, உங்கள் விதிகளின்படி வாதமா, இடைஞ்சலா? முதலில் அது இடைஞ்சலாகத்தான் காதில் விழும். உள்ளே வர உரிமை கேட்கும் குரல், உள்ளே இருப்பவர்களின் விதிப்படி பேசியிருக்க வாய்ப்பில்லை. என் ஐந்து மணிக் கூட்டத்தில் யாராவது கதவைத் தள்ளிக்கொண்டு வந்து கத்தியிருந்தால் குறிப்பில் என்ன எழுதியிருப்பேன்? "சிறிது இடையூறுக்குப் பின் கூட்டம் தொடர்ந்தது."

ஜூன் 23

எதிராளி பேசவே தயாரில்லை, பொய் சொல்கிறான், ஆயுதம் வைத்திருக்கிறான் என்றால்? நான் மட்டும் அலெக்ஸி விதிப்படி உட்கார்ந்திருக்க வேண்டுமா?

இந்த இடத்தில் எனக்கு ஹேபர்மாஸைவிட ஆபெலைப் பிடிக்கும். தன் அறவியலுக்கு 'பி' பகுதி என்று ஒன்று வைத்தார். உரையாடலுக்கான நிலைமை இல்லாத உலகத்தில் உத்தியோடு நடந்துகொள்ளத்தான் வேண்டும், உன்னை நம்பியிருப்பவர்களுக்கு நீ பொறுப்பு. ஆனால் அந்த உத்தி, நாளை உரையாடல் நடக்கக்கூடிய நிலைமையைக் கொண்டுவரப் பாடுபடுவதாக இருக்க வேண்டும். ஹேபர்மாஸ் இந்த வேலையைச் சட்டத்திடமும் அரசியலிடமும் ஒப்படைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். ஆபெலின் வழியில் ஆபத்து இருக்கிறது. "நாளைய உரையாடலுக்காக" என்று சொல்லிக்கொண்டு இன்று எதையும் செய்யலாம், செய்தும் இருக்கிறார்கள். இருந்தாலும் பூட்டிய கதவின் முன்னால் நிற்பவனிடம் அவர் ஏதாவது சொல்ல முயல்கிறார்.

ஜூன் 27

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து "அப்படியானால் இது புகார் கொடுப்பதற்கான தத்துவம் என்று தேர்வில் எழுதலாமா?" என்கிறார். எழுதலாம், மதிப்பெண்ணுக்கு நான் பொறுப்பில்லை. ஹேபர்மாஸ்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். செல்லுபடியாகும் நெறிகளை நேராகவே நிறுவ முடியும் என்பதுதான் அவர்கள் கட்சி, அதையும் எழுதுங்கள்.

எதைப் படிப்பது என்றும் கேட்டிருக்கிறார். 1983 கட்டுரையின் ஸ்ட்ராசன் பகுதியை முதலில் படியுங்கள், 'யு' கொள்கைக்கு அவசரப்படாதீர்கள். அலெக்ஸியின் விதிகளைத் தனித்தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கோல்பர்க்கைத் தாவிவிட்டுப் பென்ஹபீப்பிடம் போனால் கோல்பர்க் தானாக வந்து சேருவார். வெல்மரைக் கடைசியில். முதலில் படித்தால் மற்றவர்களைப் படிக்கும் ஆசை போய்விடும்.

கிளவுஸ் குந்தர் என்ற ஜெர்மன் சட்டத் தத்துவவாதியை இந்த இழையில் தொடவே இல்லை. 1988-இல் அவர் செய்த பிரிவினை: ஒரு நெறி செல்லுமா என்பது ஒரு உரையாடல், இந்தச் சூழ்நிலைக்கு அது பொருந்துமா என்பது வேறு உரையாடல். ஹேபர்மாஸும் அதை ஏற்றுக்கொண்டார். "வாக்குறுதியைக் காப்பாற்று" என்பது செல்லும். வழியில் ஒருவர் விபத்தில் கிடக்கும்போது அதே நெறி எனக்குப் பொருந்துமா என்பது தனியாகப் பேச வேண்டியது. என் கேள்வி இதுதான், சட்டக்காரர் பதில் சொல்லட்டும்: இரண்டாவது உரையாடலில் "பாதிக்கப்படக்கூடிய எல்லோரும்" என்பது யார்? விபத்தில் கிடப்பவரும் நானும் மட்டுமா, அங்கே எனக்காகக் காத்திருப்பவருமா? அவரைக் கேட்க நேரம் இருக்காதே.